இரண்டடி டென்டுக்குள் மல்லித்தழை

எங்கள் வீட்டுக்கு வெயில் வராது. திருப்பூரில் இரண்டு பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட லைன் வீடு. கிழக்கே மூன்று மாடி, மேற்கே நான்கு மாடி. மொட்டை மாடிச் சாவி வீட்டுக்காரரிடம். ஜன்னலில் வைத்த துளசி, வெளிச்சத்தைத் தேடிக் கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டி நீட்டிக் கடைசியில் சாய்ந்தே போனது.

நான் பிறந்தது வெள்ளக்கோவில் பக்கம், மானாவாரிக் காட்டில். கட்டிங் மாஸ்டராக இந்த ஊருக்கு வந்து 26 வருடம். கத்தியும் துணியும் சோறு போட்டாலும் கை மண்ணைத் தேடிக்கொண்டேதான் இருக்கிறது. அதோடு ஒரு சின்ன ஆத்திரமும் உண்டு. பங்குனி, சித்திரையில் மல்லித்தழை விலை ஏறும். ஏறின விலைக்கு வாங்கி வந்தால் பாதிக் கட்டு மஞ்சள். அரிசியும்பருப்புஞ் சோற்றை இறக்கி, மேலே பச்சையாக நாலு தழை கிள்ளிப் போடாமல் சாப்பிட எனக்கு ஆகாது.

வீட்டுக்குள் டென்ட் கட்டி, விளக்குப் போட்டு வளர்க்கலாம் என்று போனில் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். வெளிநாட்டுக்காரர்கள் சொல்லித் தருவதில் பெரும்பகுதி கஞ்சாவுக்கானது. அங்கே சில இடங்களில் சட்டம் விடுகிறது. இங்கே அந்த விளையாட்டு வேண்டாம்: 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டப்படி, ஒரு செடி வளர்த்தாலும் 10 வருடம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதை விடுங்கள். அவர்கள் சொல்லும் கணக்கை அப்படியே மல்லிக்கும் புதினாவுக்கும் போட்டால் பயிர் கெட்டுப்போகும் என்பதுதான் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. செடியும் வேறு, ஊரும் வேறு. குளிர் தேசத்துக்காரருக்கு டென்ட் என்றால் சூட்டைப் பிடித்து வைக்கும் பெட்டி. நமக்கோ சூட்டை வெளியே தள்ளுவதுதான் முழு நேர வேலை. விளக்கைவிட சூடும் தண்ணீரும்தான் இங்கே பயிரைத் தீர்மானிக்கின்றன.

டென்டைத் தைப்பது

ரெடிமேட் டென்ட் ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்குகிறவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். துணி வெட்டுகிறவன் டென்ட்டைக் காசு கொடுத்து வாங்கினால் கம்பெனியில் சிரிப்பார்கள் என்று நானே தைத்தேன்.

அளவு 2 அடிக்கு 2 அடி, உயரம் நாலரை அடி. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் எனக்கு இருந்த இடமே அவ்வளவுதான். முக்கால் இன்ச் பிவிசி பைப் 20 அடி நீளத்தில் இரண்டு வாங்கினால் போதும். ஒன்றில் நாலரை அடித் துண்டு நான்கு, இன்னொன்றில் இரண்டடித் துண்டு எட்டு. முதலாவதில் இரண்டடியும் இரண்டாவதில் நாலடியும்தான் மிச்சம். மார்க்கர் போட்டு வெட்டிப் பழகின கைக்கு இதெல்லாம் ஒரு சந்தோஷம். எட்டு மூலைக்கும் மூன்று வழி கார்னர் ஃபிட்டிங் கேட்டு வாங்குங்கள். சாதாரண எல்போவை வைத்து ஒப்பேற்றினால் சட்டம் ஆடும். மேலே விளக்கு தொங்கப்போகிறது, ஆடக் கூடாது.

சட்டத்தைக் கட்டி முடித்த பிறகு டேப் பிடித்து அளந்துதான் மேலுறை வெட்ட வேண்டும். ஃபிட்டிங் ஒவ்வொன்றும் கொஞ்சம் நீளம் கூட்டும். காகிதக் கணக்கில் வெட்டினால் இரண்டு இன்ச் பத்தாமல் போகும்.

எந்தத் துணி? இதில் நான் அசடு வழிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் மிச்சம் கிடந்த, சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை வரும் (180 ஜிஎஸ்எம்) கறுப்பு இன்டர்லாக் பனியன் துணியில் முதலில் தைத்தேன். பார்க்க அருமையாக இருந்தது. சட்டத்தில் மாட்டி இழுத்ததும் பனியன் துணி பனியன் துணியாகவே நடந்துகொண்டது. கண் கண்ணாக விரிந்து, உள்ளே விளக்கைப் போட்டால் வெளியே திருவிழாப் பந்தல். ஒரே அறையில் நாங்கள் மூன்று பேர் தூங்க வேண்டும். விளக்கு எரிவதோ ராத்திரியில். மல்லிக்குக் கும்மிருட்டு கட்டாயம் இல்லை. இருட்டு எங்களுக்குத்தான் வேண்டியிருந்தது.

கடைசியில் கை கொடுத்தது ஃபிளெக்ஸ். பேனர் அடிக்கிற கடையில் ‘பிளாக் பேக்’ என்று கேளுங்கள். ஒரு பக்கம் வெள்ளை, மறு பக்கம் கறுப்பு, வெளிச்சம் ஊடுருவாது. அச்சடிக்காமல் வெறுமனே வெட்டித் தரச் சொல்லுங்கள், சதுர அடிக் கணக்கில் தருவார்கள். நாலு பக்கம், மேல், கீழ் எல்லாம் சேர்த்து 44 சதுர அடி. தையலுக்கும் பிழைக்கும் சேர்த்து 50 வாங்கினேன். வெள்ளையை உள்பக்கமாக வையுங்கள். பளபளவென்று வெள்ளித் தாள் ஒட்ட வேண்டும் என்பதில்லை, வெள்ளையே வெளிச்சத்தை நன்றாகத் திருப்பித் தரும். சமையலறை அலுமினியத் தாளை மட்டும் ஒட்டாதீர்கள். சுருங்கின இடமெல்லாம் வெளிச்சம் சிதறும், ஒயர் பட்டால் கரண்டும் பாயும்.

ஃபிளெக்ஸ் தைக்க 18ஆம் நம்பர் ஊசி. தையலை நீளமாக வையுங்கள், நான்கு மில்லிமீட்டர் வரை. நெருக்கித் தைத்தால் தபால் தலை ஓரம் மாதிரி ஓட்டை வரிசையாகி அதிலேயே கிழியும். முன்பக்கம் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு ஜிப், அடிப்பக்கம் வெல்க்ரோ. புது ஃபிளெக்ஸ் நாற்றம் அடிக்கும். தைத்த பிறகு நாலைந்து நாள் காற்றோட்டமாகத் தொங்கவிட்டு, அப்புறம் உள்ளே செடி வையுங்கள்.

வெளிச்சம்

முதலில் வாங்கியது ஊதாவும் சிவப்பும் கலந்து எரிகிற விளக்கு. செடிக்கென்றே செய்தது என்றார்கள். அந்த வெளிச்சத்தில் இலை கறுப்பாகத் தெரியும், நோய் வந்தாலும் கண்ணுக்குப் படாது. அது ஒரு பக்கம் இருக்க, இன்டர்லாக் துணி வழியாக அந்த ரோஸ் கலர் கசிந்து ஜன்னலில் விழ, எதிர்க் கம்பெனி நைட் ஷிப்ட் ஆட்கள் டீ குடிக்க வரும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். பேச்சு வீட்டுக்காரர் காதுக்குப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வாசலிலேயே நின்றார். “ஏனுங்க மாஸ்டர், உள்ளுக்குள்ள என்னமோ செடி வெக்கறீங்களாமா?”

“ஆமாங்க, வாங்க பாருங்க” என்று ஜிப்பை இறக்கினேன். மல்லி வாசம் அறை முழுக்க வந்தது. மனுஷன் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. “இதுக்குப் போயி இத்தனை ஜோடனையா?” என்றார். ஒரு கை அறுத்துக் கொடுத்தேன். வாடகை வீட்டில் இருப்பவர்கள் டென்ட் கட்டும் முன்னாலேயே வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்போது இருப்பது வீட்டுக்குப் போடும் சாதாரண வெள்ளை எல்இடி பட்டை விளக்கு. 2 அடி நீளம், 10 வாட், மொத்தம் எட்டு. ஒரு பிளைவுட் பலகையில் மூன்று இன்ச் இடைவெளியில் வரிசையாக அடித்து, பலகையைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறேன். ஏற்றவும் இறக்கவும் சங்கிலிதான் வசதி. விளக்குக்கும் தழைக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கட்டும். வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கும் ஆப் போனில் இருக்கிறது. துல்லியம் இல்லாவிட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். தழை மட்டத்தில் வைத்தால் 15,000 பக்கம் காட்ட வேண்டும். நம்மூர் உச்சி வெயில் 1 லட்சத்தைத் தொடும் என்பதை நினைத்துப் பார்த்தால், எட்டு விளக்குப் போட்டும் நாம் தருவது நிழல்தான். கீரை வகைக்கு அந்த நிழல் போதும். மிளகாய், தக்காளிக்குப் பத்தாது. எல்லோரும் கேட்பார்கள் என்று ஒரு மிளகாயும் வைத்துப் பார்த்தேன். விளக்கை முட்டுகிற உயரம் வளர்ந்து நாலே நாலு காய் காய்த்தது.

எத்தனை மணி நேரம்? டென்ட் பாடங்களில் 18 மணி நேரம் விளக்கு என்று வரும். மல்லிக்கு அது விஷம். பகல் நீண்டாலும் சூடு கூடினாலும் மல்லி பூவெடுக்கும். பூவெடுத்தால் இலை வெந்தயக் கீரையின் பாதி அளவுக்குச் சிறுத்து, சீரக இலை மாதிரி நூல் நூலாகிவிடும். 12 மணி நேரம் போதும்.

அந்தப் பன்னிரண்டை ராத்திரிக்கு வையுங்கள். சாயங்காலம் 7 முதல் காலை 7 வரை. சூட்டை அடக்க நான் செய்ததில் செலவே இல்லாத வைத்தியம் இதுதான். 80 வாட் விளக்கு என்றால் கடைசியில் 80 வாட்டும் சூடாகத்தான் மாறும். அதைப் பகல் 38 டிகிரியில் சேர்ப்பதா, ராத்திரி 28இல் சேர்ப்பதா?

டைமர் வாங்கும்போது பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமராக வாங்குங்கள். முள்ளைத் திருகி வைக்கும் டைமர், கரண்ட் போன நேரமெல்லாம் நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்திச் சாயங்காலம் விட்டால், அன்றிலிருந்து உங்கள் டென்டில் விளக்கு எரிவதே நடுச்சாமத்துக்கு மேல்தான், அணைவது மத்தியானத்துக்கு மேல். எனக்கு அப்படி ஒரு வாரம் ஓடியிருக்கிறது, கவனிக்கவே இல்லை.

கரண்ட் கணக்கு: விளக்கு நாளுக்கு 0.96 யூனிட், ஃபேன்கள் சேர்த்தால் சுமார் 1.3. இரண்டு மாதத்துக்கு 80 யூனிட்டை ஒட்டி வரும். வீட்டில் ஏற்கெனவே 430, 450 ஓடுகிறது என்றால் யோசித்துச் செய்யுங்கள். 500ஐத் தாண்டினால் முந்தின யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கணக்கே மாறிவிடும், மல்லிக் கட்டு தங்க விலை ஆகிவிடும். ஒயரை முறுக்கி டேப் சுற்றும் வேலை ஆகாது. கனெக்டர் போட்டு, தண்ணீர் தெறிக்காத உயரத்தில், எலக்ட்ரீஷியன் கையால் செய்யுங்கள். பிளக் பாயின்ட் தரையிலிருந்து மேலே இருக்கட்டும்.

காற்று

சூடான காற்று மேலே போகும், அதை அங்கேயே பிடித்து வெளியே தள்ள வேண்டும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட் ஃபேன், 120 மில்லிமீட்டர் அளவு, இரண்டு. மேல் மூலையில் வெளியே ஊதுகிற மாதிரி மாட்டினேன். எதிர்ப்பக்கம் அடியில் நான்கு இன்ச் வட்டத்தில் ஓர் ஓட்டை, அதில் கொசு வலை. அவ்வளவுதான். காற்று கீழே நுழைந்து, செடியைத் தடவி, மேலே போகும்.

இதில் எல்லோரும் விடுகிற தப்பு ஒன்று: ஃபேன் தள்ளும் காற்றை அறைக்குள்ளேயே விட்டுவிடுவது. அரை மணியில் அறை சூடாகி, அதே காற்று திரும்ப உள்ளே போகும். சமையலறைச் சிம்னிக்குப் போடும் மடங்கு குழாயை வைத்து ஜன்னலுக்கு வெளியே விடுங்கள். சித்திரையில் ராத்திரி பத்து மணிக்கு எங்கள் அறை 31 டிகிரி. ஃபேன் ஓடினால் டென்டுக்குள் 33, நிறுத்தினால் 38. இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி ஒன்றை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் தொங்கவிடுங்கள். உள்ளே இருப்பது மூன்று டிகிரிக்கு மேல் கூடினால் காற்று எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது.

இதோடு ஒரு சின்ன கிளிப் ஃபேன், இலை லேசாக ஆடுகிற அளவுக்கு. ஆடாத நாற்று பலமாகாது. ஈரக் காற்று தங்கினால் நாற்றழுகல் வந்து ஒரே ராத்திரியில் தட்டு முழுக்கப் படுத்துவிடும்.

மாதக் கணக்கும் முக்கியம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீச ஆரம்பித்ததிலிருந்து தை, மாசி வரை டென்டுக்கு நல்ல காலம். பங்குனி, சித்திரையில் முளைப்பே பாதிதான். அந்த இரண்டு மாதம் புதினாவை வைத்துக்கொண்டு, மல்லியில் ஒரு தட்டு மட்டும் போடுவேன். விலை ஏறுகிற மாதத்தில்தானே வேண்டும் என்று கேட்பீர்கள். ஆமாம், அந்த ஒரு தட்டுக்காகத்தான் இத்தனையும்.

தண்ணீரும் மண்ணும்

கொங்கு நாட்டுக்காரருக்கு நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்ற வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் நான் சறுக்கினது இதில்தான். முதல் தட்டு பத்து நாளில் ஜோராக முளைத்தது. பதினெட்டாம் நாள் இலை நுனி பழுப்பாகிக் கருக ஆரம்பித்தது. நோய் என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன், இன்னும் கருகியது. கடைசியில் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் பேனாவை வாங்கி போர்த் தண்ணீரில் விட்டால் 1,800. சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றுப் பக்கத்துப் போர்த் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஊரில் இருந்துகொண்டு, சாயப்பட்டறைகளை 2011இல் கோர்ட் மூடச் சொன்ன செய்தியை எல்லாம் படித்துவிட்டு, செடிக்கு அதையே ஊற்றியிருக்கிறேன். திறந்த வெளியில் மழை வந்து உப்பைக் கழுவிவிடும். டென்டுக்குள் மழை ஏது? ஊற்றின உப்பு முழுக்கத் தட்டிலேயே தங்கும்.

இப்போது குழாயில் வரும் பவானித் தண்ணீர் மட்டும். நாலு தட்டுக்கு நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் ஆகாது, இரண்டு குடம் பிடித்து வைத்தால் வாரம் ஓடும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் நல்லது, அதில் உப்பு கிடையாது. ஆர்ஓ மிஷின் கழித்து விடும் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், இருந்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

கோகோபீட் இன்னொரு கண்ணி. பொள்ளாச்சிப் பக்கம் மலை மலையாகக் கிடக்கிற தென்னைநார்க் கழிவுதான், நமக்கு அது கிடைப்பதில் பஞ்சம் இல்லை. கழுவாததில் உப்பு அதிகம். ‘கழுவினது’ என்று அச்சடித்திருந்தாலும் நான் நம்புவதில்லை. ஊற வைத்து, பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீர் ஊற்றி, மூன்று தடவை. கடைசியில் வடிகிற தண்ணீர் 500க்குக் கீழே காட்டினால் சரி. ஐந்து கிலோக் கட்டி ஒன்று ஊறினால் எழுபது லிட்டர் பக்கம் உப்பும், முழுதாக ஊற வைத்துவிட்டு வீட்டில் திட்டு வாங்காதீர்கள். எங்கள் வீட்டில் இருந்த பெரிய போசி, அண்டா எல்லாம் நிறைந்து குளியலறை வரைக்கும் போனது.

கலவை: கோகோபீட் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு. ஒரு தட்டுக்கு ஒரு கை வேப்பம் புண்ணாக்கு, ஒரு ஸ்பூன் டிரைக்கோடெர்மா விரிடி, அழுகலைத் தடுக்கிற நல்ல பூஞ்சை. டிரைக்கோடெர்மாவும், அதே வேலை செய்யும் சூடோமோனாஸ் பாக்டீரியாவும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் உரக்கடைகளிலும் கிடைக்கும். தேதி பார்த்து வாங்குங்கள், உள்ளே இருப்பது உயிர். செம்மண்ணை நான் ஊரிலிருந்து கொண்டு வந்தேன். உரச்சாக்கில் மண் அள்ளுவதைப் பார்த்து ஆத்தா கேட்டது: “ஏஞ்சாமி, இத்தனை காடு கெடக்குது, மண்ணை வீட்டுக்குள்ள கொண்டுபோயி லைட்டுப் போட்டா வெள்ளாமை பண்ணுவாங்க?” பதில் சொல்லத் தெரியவில்லை.

விதைப்பது முதல் அறுப்பது வரை

தட்டு ஓரடிக்கு ஓரடி, ஐந்து இன்ச் ஆழம், அடியில் ஓட்டை. நான்கு தட்டு டென்டுக்குள் கச்சிதமாக உட்காரும். குழித்தட்டில் நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவது மல்லிக்குச் சரிவராது. ஆணிவேர் அசைந்தால் கோபித்துக்கொண்டு பூவெடுக்கும். நேராகத் தட்டிலேயே விதையுங்கள்.

விதைக்கு மளிகைக்கடை மல்லியே முளைக்கும், ஆனால் பழசாக இருந்தால் பாதி ஏமாற்றும். உரக்கடையில் தழைக்கென்று விற்கும் விதை வாங்குவது மேல். ஒவ்வொரு மல்லிக்குள்ளும் இரண்டு விதை. தரையில் பரப்பிச் செருப்புக் காலால் லேசாகத் தேய்த்தால் இரண்டாகப் பிளக்கும். நொறுங்கக் கூடாது. ராத்திரி ஊற வைத்து, காலையில் வடித்து, ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மாவில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம். தட்டுக்குப் பத்து கிராம் போதும். இரண்டு இன்ச் இடைவெளியில் கோடு இழுத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் தூவி மூடுங்கள். மேலே ஈரச் சாக்கு. முளைக்கும்வரை வெளிச்சம் வேண்டாம், அந்தத் தட்டு கட்டிலுக்கு அடியில் கிடக்கட்டும். எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும். ஆறாம் நாளே முளைக்கவில்லை என்று கிளறிப் பார்க்கிறவர்கள் அதிகம். நானும் கிளறியிருக்கிறேன்.

முளை தலை நீட்டின அன்றே சாக்கை எடுத்துவிட்டு டென்டுக்குள் வையுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு வெளுத்து நீண்டுவிடும்.

தண்ணீர் ஊற்றுவது சாயங்காலம், விளக்கு எரிய ஆரம்பிக்கும்போது. அதுதான் இந்தச் செடிகளுக்கு விடியல். விளக்கு அணையும் நேரத்தில் ஊற்றி இலையை நனைத்துவிட்டால், ஈரம் பகல் முழுக்க இருட்டில் தங்கி அழுகும். எவ்வளவு ஊற்றுவது என்பதற்குத் தட்டைத் தூக்கிப் பார்ப்பதுதான் அளவு. நாலு நாளில் கைக்கு எடை பழகிவிடும், துணிக் கட்டைத் தூக்கியே எத்தனை கிலோ என்று சொல்கிற மாதிரி.

மண்புழு உரம் இருப்பதால் பெரிதாக எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. பதினைந்தாம் நாளும் இருபத்தைந்தாம் நாளும், தண்ணீரில் கரையும் 19:19:19 உரம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம். இயற்கை வழிதான் வேண்டும் என்கிறவர்களுக்கு, கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யா நம் மண்ணிலேயே இருக்கிறது. லிட்டருக்கு 30 மில்லி. தோட்டத்தில் அதற்கு ஈடு கிடையாது. மூடின டென்டுக்குள் ஒரு தடவை அடித்தேன். “ஏனுங்க, மாட்டையே கொண்டாந்து கட்டியிருக்கலாமுங்களே” என்று வீட்டுக்காரி தலையணையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கடலைப் புண்ணாக்கு ஊறலுக்கும் இதே நிலைமைதான். வேண்டுமென்றால் தட்டை வெளித் திண்ணையில் வைத்து அடித்து, வாடை போன பிறகு உள்ளே எடுங்கள்.

பூச்சியில் எனக்குத் தொல்லை கொடுத்தது இரண்டு. ஒன்று கோகோபீட் ஈரத்தில் வரும் கறுப்புக் கொசு மாதிரி ஈ. மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்த பிறகே தண்ணீர் விட்டால் பாதி குறையும். மிச்சத்துக்கு மஞ்சள் பிளாஸ்டிக் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள். இன்னொன்று அசுவினி. அது பெரும்பாலும் சந்தையில் வாங்கி வந்த புதினாக் கட்டோடு உள்ளே வரும். அதனால் எந்தக் கட்டையும் அலசாமல் டென்ட் பக்கம் கொண்டுபோவதில்லை. வந்துவிட்டால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், விளக்கு அணைந்த பிறகு, ஃபேன் ஓட. அறுக்கப் பத்து நாள் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள், கசப்பு நாக்கில் தெரியும்.

மல்லி 35லிருந்து 45 நாளில் அறுப்புக்கு வரும். வேரோடு பிடுங்காதீர்கள், அது சந்தைக்காரர் பழக்கம். கத்தரியால் இரண்டு இன்ச் விட்டு வெட்டினால் இன்னொரு தடவை துளிர்க்கும். மூன்றாவது வெட்டுக்கு ஆசைப்பட வேண்டாம், அதற்குள் பூத்தண்டு எழும்பிவிடும். நான்கு தட்டையும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே நாளில் அறுத்து அக்கம்பக்கம் கொடுக்க வேண்டியதுதான். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தட்டு என்று விதைத்து வந்தால் எப்போதும் ஒன்று கத்தரிக்குத் தயாராக இருக்கும்.

புதினாவுக்கு இத்தனை உபசாரம் தேவையில்லை. வாங்கின கட்டுக்குள் கனமான தண்டாகப் பார்த்து, அடியிலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீர் டம்ளரில் போட்டால் ஒரு வாரம், பத்து நாளில் வேர் விடும். அதைத் தனித் தட்டில்தான் வைக்க வேண்டும், பக்கத்தில் யாரையும் வாழ விடாது. பொண்ணு கேட்டாள் என்று லெட்டூஸும் வைத்தேன். கார்த்திகை, மார்கழியில் மட்டும் இலை இனிப்பாக வந்தது. மாசியில் போட்டது கசப்பு.

பைப், ஃபிட்டிங், ஃபிளெக்ஸ், எட்டு விளக்கு, ஃபேன்கள், டைமர், டிடிஎஸ் பேனா எல்லாம் சேர்த்து எனக்கு ஐந்தாயிரத்துச் சொச்சம் ஆனது. ரோஸ் கலர் விளக்கில் போன காசைச் சேர்க்கவில்லை.

ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: கம்பெனி வேஸ்ட்டில் பருத்திப் பனியன் துணியை ஒரு இன்ச் அகலத்துக்கு நாடா நாடாகக் கிழித்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் கலந்தது பருத்தி அளவுக்குத் தண்ணீர் உறிஞ்சாது, கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும், உருண்டு கட்டியானால் அது வேண்டாம். ஒரு முனை தட்டு மண்ணுக்குள் மூன்று இன்ச், மறு முனை தட்டுக்குக் கீழே வைத்த தண்ணீர் டப்பாவில். தட்டுக்கு இரண்டு நாடா. கிளம்புவதற்கு முதல் நாளே வைத்து, மண் மேல் ஈரம் ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள். போன சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு என்று ஊருக்குப் போனவன் ஐந்து நாள் கழித்துத்தான் திரும்பினேன். தட்டு வாடவில்லை, டப்பாவில் ஒரு விரல் தண்ணீர் மிச்சம் இருந்தது.